குளத்து மீனும் கிருமியும்: கரையில் வாங்குவது முதல் மறுநாள் குழம்பு வரை

குளத்து மீனில் கிருமி இருக்குமா என்று கேட்டால், இருக்கும் என்பதுதான் நேர்மையான பதில். தண்ணீரில் வாழும் உயிர் அது. அந்தத் தண்ணீரில் என்ன இருக்கிறதோ அது அதன் மேல் ஒட்டும், வாய் வழியே உள்ளேயும் போகும். ஆனால் மீனில் எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொண்டால் பாதி பயம் போய்விடும். ஆரோக்கியமான மீனின் சதைக்குள் கிருமி அநேகமாகக் கிடையாது. தோலின் வழவழப்பில், செவுளில், குடலில் என்று மூன்று இடங்களில்தான் அது குடியிருக்கிறது. அங்கிருந்து சதைக்கும், சதையிலிருந்து பக்கத்தில் வைத்திருக்கும் தேங்காய்த் துருவலுக்கும் அதைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது நம் கத்தி, நம் கை, நம் தாமதம்.

ரோகு, கட்லா, மிர்கால், புல்கெண்டை, ஜிலேபி, விரால் என்று இன்று உள்மாவட்டங்களில் விற்கும் மீன்களில் பெரும்பகுதி வளர்ப்பு மீன்தான். பண்ணைக்குட்டையிலோ குத்தகைக் கண்மாயிலோ வளர்ந்தது. உயிரோடு வாங்கி, கண்முன்னே வெட்டி, ஒரு மணி நேரத்தில் அடுப்பில் ஏற்ற முடிகிற மீன். அந்த நல்ல வாய்ப்பைக் கெடுத்துக்கொள்ளாமல் இருக்க என்ன செய்ய வேண்டும் என்பதைக் குளத்தில் தொடங்கி ஒவ்வொரு படியாகச் சொல்கிறேன்.

முதலில், எந்தக் கிருமிகள்?

மூன்று கூட்டம் என்று பிரித்துக்கொள்ளலாம். முதல் கூட்டம் தண்ணீரின் சொந்தக் குடிகள்: ஏரோமோனாஸ், எட்வர்ட்சியெல்லா, ஸ்ட்ரெப்டோகாக்கஸ், உப்பு கலந்த நீரில் விப்ரியோ. மீன் நோயுற்றால் பெரும்பாலும் இவற்றால்தான். இரண்டாவது கூட்டம் கரையிலிருந்து வருவது. சாணம், கோழி எச்சம், சாக்கடை வழியாக வரும் சால்மோனெல்லாவும் ஈ.கோலையும் இதில் சேரும். மூன்றாவது, பிடித்த பிறகு மனிதக் கையிலிருந்து ஏறுவது. விரலில் சீழ்ப்புண் உள்ளவர் மீன் ஆய்ந்தால் ஸ்டஃபைலோகாக்கஸ் அதில் ஏறும். மீனை வெயிலில் வைத்திருந்தால் அது பெருகி நஞ்சை உண்டாக்கும். அந்த நஞ்சு கொதித்தாலும் அழியாது. "எப்படியும் கொதிக்க வைக்கத்தானே போகிறோம்" என்ற பேச்சு எடுபடாத இடம் இது.

இவற்றில் ஒன்று எவ்வளவு தூரம் போகும் என்பதற்குச் சிங்கப்பூரில் 2015-இல் நடந்தது நல்ல சாட்சி. அங்கே உணவுக் கடைகளில் கஞ்சியோடு மெல்லிய பச்சை மீன் துண்டுகளை, எலுமிச்சையும் நல்லெண்ணெயும் விட்டுப் பரிமாறும் வழக்கம் இருந்தது. மீன்கள் பெருந்தலைக் கெண்டையும், நம் விராலின் உறவான தோமானும். திடீரென்று நல்ல திடகாத்திரமான ஆட்களே மூளையுறைக் காய்ச்சலோடும், சீழ் கட்டிய மூட்டுகளோடும், ரத்தத்தில் தொற்றோடும் மருத்துவமனைக்கு வந்தார்கள். ஆராய்ந்தால் பி பிரிவு ஸ்ட்ரெப்டோகாக்கஸ். அதுவரை பிறந்த குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் முதியவர்களுக்கும் ஆபத்து என்று மட்டுமே பெரும்பாலும் அறியப்பட்ட கிருமி. அதில் 283 என்று எண்ணிட்ட வகை நன்னீர் மீன் வழியாக மனிதருக்கு வந்திருந்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டார்கள். அந்த ஆண்டு டிசம்பரில், உணவுக் கடைகளில் நன்னீர் மீனைப் பச்சையாகப் பரிமாறத் தடை வந்தது.

எலுமிச்சைச் சாறு மீனை வெளுக்க வைக்கும், வெந்தது போலக் காட்டும். ஆனால் கிருமியைக் கொல்லும் வேலையை அதை நம்பி விட முடியாது. நம் ஊரில் யாரும் குளத்து மீனைப் பச்சையாகத் தின்பதில்லை. அந்த வழக்கமே நமக்குப் பெரிய காவல். இப்போது புதுப்புது சமையல் வீடியோக்களைப் பார்த்து ரோகுவிலும் ஜிலேபியிலும் அதைச் செய்து பார்க்க நினைப்பவர்கள் இருந்தால், தயவுசெய்து வேண்டாம்.

படி 1: குளத்திலேயே தொடங்குகிறது

மீன் வளர்ப்பவர்களுக்கு இது. வாங்குபவர்களும் படிக்கலாம், கரையில் நின்று கேட்க வேண்டிய கேள்விகள் இதிலேயே இருக்கின்றன.

தண்ணீரில் கிருமிச் சுமை ஓர் அளவைத் தாண்டினால் மீனின் உடல் தன்னைக் காத்துக்கொள்ள முடியாமல் போகும். அப்போது கிருமி சதைக்குள்ளும் நுழையும். நான் மேலே சொன்ன "மூன்று இடம்" என்ற கணக்கு அங்கே தப்பிவிடுகிறது. அதனால் பச்சைச் சாணத்தை அப்படியே கொட்டாதீர்கள், மக்க வைத்துப் போடுங்கள். குளத்தின் மேல் கோழிக் கொட்டகை கட்டி எச்சத்தை நேராகத் தண்ணீரில் விழ விடும் முறையை நான் பரிந்துரைக்க மாட்டேன். கறிக்கடைக் கழிவை மீனுக்குப் போடுவது அதைவிட மோசம். ஆப்பிரிக்கக் கெளுத்தியை வளர்க்க நம் நாட்டில் தடை இருந்தும் சில இடங்களில் மறைவாக வளர்ப்பதும், அதற்குக் கோழிக் கழிவைக் கொட்டுவதும் அடிக்கடி செய்தியாகிறது. கறுத்த, மலிவான, மீசை வைத்த பெரிய கெளுத்தி கூடை கூடையாக வந்தால், எந்தக் குளம் என்று கேளுங்கள்.

மருந்து விஷயத்தில் கண்டிப்பு வேண்டும். குளோராம்பெனிகால், நைட்ரோபியூரான் வகைகள் உணவு மீனுக்குத் தடை செய்யப்பட்டவை. மற்ற ஆன்டிபயாடிக்குகளையும் மீன்வள மருத்துவ ஆலோசனை இல்லாமல் தீவனத்தில் கலக்காதீர்கள். கண்டபடி கொடுத்தால் குளத்திலிருக்கும் கிருமிகள் மருந்துக்கு அடங்காதவையாக மாறும். சமைக்கும்போது அவை செத்துவிடும், சரி. ஆனால் வலை இழுப்பவர் காலிலும், மீன் ஆய்பவர் கையிலும் ஏறியவை சமையலுக்கு வருவதில்லையே.

பிடிப்பதற்கு முந்தின நாளே தீவனத்தை நிறுத்துங்கள். குடல் காலியாக இருந்தால் வெட்டும்போது கழிவு சதையில் தெறிக்காது, மீனும் சீக்கிரம் கெடாது. வெயில் ஏறும் முன் பிடியுங்கள். பிடித்த மீனைக் கரை மண்ணில் கொட்டி எண்ணாமல், கழுவிய பெட்டியில் போட்டு, சுத்தமான போர்த் தண்ணீரில் சேறு போக அலசி, உடனே ஐஸில் அடுக்குங்கள். நம் வெயிலுக்கு ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ ஐஸ் வேண்டும். ஒரு அடுக்கு ஐஸ், ஒரு அடுக்கு மீன். உருகிய தண்ணீர் கீழே வடிய ஓட்டை இருக்க வேண்டும். தேங்கிய ஐஸ் தண்ணீர் ரத்தமும் வழவழப்பும் கலந்து இன்னொரு குட்டையாகிவிடும்.

கோடையில் புதுக்கோட்டை, சிவகங்கை, மதுரைப் பக்கம் கண்மாய் வற்றும்போது நடக்கும் மீன்பிடித் திருவிழாவையும் இங்கே சொல்ல வேண்டும். ஊத்தா, கச்சா போன்ற மீன்பிடிக் கருவிகளை எடுத்துக்கொண்டு ஊரே இறங்கும் அந்தக் காலைக்கு நிகரான கொண்டாட்டம் எனக்குத் தெரிந்து இல்லை. ஆனால் அன்றைக்குத் தண்ணீர் முழங்கால் அளவுதான் இருக்கும். ஆண்டு முழுக்கச் சேர்ந்த சேறெல்லாம் கலங்கியிருக்கும். காலில் வெட்டு, சேற்றுப்புண் இருந்தால் கரையில் நின்று பாருங்கள். பிடித்த மீனை வீட்டுக்குக் கொண்டுபோனதும் நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று தடவை அலசிவிட்டுத்தான் வெட்ட வேண்டும்.

படி 2: பார்த்து வாங்குவது

செவுளைத் தூக்கிப் பார்ப்பது எல்லோருக்கும் தெரியும். ரத்தச் சிவப்பாக, ஈரமாக இருக்க வேண்டும். பழுப்பானால் நேரமாகிவிட்டது. கண் தெளிவாக, புடைப்பாக இருக்கட்டும். விரலால் அழுத்தினால் குழி நிற்கக் கூடாது. மீன் விறைத்திருந்தால் நல்லது, செத்து அதிக நேரம் ஆகவில்லை என்று அர்த்தம்.

இவை பழசா புதுசா என்று சொல்லும் அடையாளங்கள். நோய் மீனுக்கு அடையாளம் வேறு. உடம்பில் சிவந்த புண், செதில் கொட்டிய திட்டு, துடுப்பு அரித்துப்போனது, வயிறு நீர் கோத்து உப்பியது, இவை இருந்தால் வேண்டாம். ஜிலேபியில் கண் அளவுக்கு மீறிப் பிதுங்கியிருந்தாலோ, தொட்டியில் தலைசுற்றியது போல வட்டமடித்து நீந்தினாலோ அது ஸ்ட்ரெப்டோகாக்கஸ் நோயாக இருக்கலாம். "உயிரோடுதானே இருக்கிறது" என்று நோயுள்ள மீனை எடுத்து வராதீர்கள்.

உயிர் மீன் விற்கும் தொட்டியின் தண்ணீரையும் பாருங்கள். நுரை கட்டி, நாற்றமடித்தால் உள்ளே இருக்கும் எல்லா மீனும் அந்தத் தண்ணீரில்தான் குளித்துக்கொண்டிருக்கிறது. இஸ்ரேலில் 1996-இல் நடந்தது நினைவுக்கு வருகிறது. அதுவரை குளத்து மீனை ஐஸில் போட்டு விற்றவர்கள், உயிரோடு விற்கத் தொடங்கினார்கள். அதன் பின்னே, மீனைக் கையாண்டவர்களுக்கு விப்ரியோ வல்னிபிகஸ் என்ற கிருமியால் கைக்காயங்களில் கடும் தொற்று வந்தது. பெரும்பாலும் ஜிலேபி இன மீனைக் கையில் பிடித்து, முள் குத்தியவர்களுக்கு. தின்றதால் வந்ததல்ல.

மண்வாடையைப் பற்றி ஒரு வார்த்தை. குளத்து மீனில் வரும் அந்தச் சேற்று மணத்தை அழுகல் என்று நினைத்து ஒதுக்குபவர்கள் உண்டு. அதற்குக் காரணம் ஜியோஸ்மின் போன்ற பொருட்கள். குளத்து நீலப்பச்சைப்பாசியும் மண்ணில் வாழும் சில பாக்டீரியாக்களும் அவற்றை உண்டாக்குகின்றன. மழை விழுந்த மண்ணின் மணமும் ஜியோஸ்மினால் வருவதுதான். அதனால் உடம்புக்குக் கெடுதல் இல்லை. வளர்ப்பவர் விற்பதற்கு முன் சில நாள் சுத்தமான ஓடும் தண்ணீரில் மீனை விட்டுவைத்தால் வாடை இறங்கும். வீட்டில் புளி அந்த வேலையைச் செய்கிறது.

படி 3: வீட்டுக்குக் கொண்டுவருவது

கிருமிக்கு 5 டிகிரியிலிருந்து 60 டிகிரி வரை கொண்டாட்டம். இதமான சூட்டில் சில கிருமிகள் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும். ஒன்று மூன்று மணி நேரத்தில் 512 ஆகும். ஞாயிற்றுக்கிழமை காலை மீன் வாங்கிவிட்டு, காய்கறிக் கடை, மளிகை, அப்படியே தெரிந்தவர் வீடு என்று போகிற வழக்கத்தை மாற்றிக்கொள்ளுங்கள். மீனைக் கடைசியாக வாங்குங்கள். ஒரு தூக்குவாளியும் கடையில் இரண்டு கை ஐஸும் போதும். மீன் ஐஸ் மீனுக்கு மட்டும். மிச்சம் இருந்தாலும் மோரிலோ ஜூஸிலோ போடக் கூடாது.

படி 4: ஆய்வது, கையைக் காப்பது

இந்தப் படிக்குத்தான் நான் அதிக நேரம் எடுத்துக்கொள்வேன், ஏனென்றால் குளத்து மீனால் வரும் கெடுதல்களில் நாம் கவனிக்கத் தவறுவது இங்கே நடப்பதைத்தான்.

என் சித்திக்கு ஜிலேபியின் முதுகுத்துடுப்பு முள் நடுவிரலில் ஏறியது. மஞ்சள் வைத்தார், ஆறிவிட்டது போலிருந்தது. மூன்று வாரம் கழித்து அதே இடத்தில் ஒரு சின்னக் கட்டி. வலி அதிகமில்லை. களிம்பு போட்டார், ஒரு கிளினிக்கில் கொப்புளம் என்று மாத்திரை கொடுத்தார்கள். கட்டி புறங்கைக்கு ஏறியது. கடைசியில் ஒரு தோல் மருத்துவர்தான், "மீன் ஆய்வீர்களா அம்மா?" என்று கேட்டார். மைக்கோபாக்டீரியம் மரினம் என்ற கிருமி, காசநோய்க் கிருமியின் உறவு. மாதக் கணக்கில் மருந்து சாப்பிட வேண்டியிருந்தது. அந்தக் கேள்வியை முதல் நாளே யாராவது கேட்டிருந்தால், அல்லது சித்தியே சொல்லியிருந்தால், இவ்வளவு இழுத்திருக்காது.

1995-96 குளிர்காலத்தில் கனடாவின் டொராண்டோவில், உயிர் ஜிலேபியை வாங்கிச் சமையலுக்குத் தயார்செய்தவர்களின் கை சிவந்து வீங்கிக் காய்ச்சல் வந்தது. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் இனியே என்ற கிருமி. அங்கேயும் வழி அதேதான்: முள் குத்து, கத்தி வெட்டு.

ஆகவே கையில் காயம் இருந்தால் அன்றைக்கு வேறு யாராவது ஆயட்டும், இல்லையென்றால் ரப்பர் கையுறை போடுங்கள். சர்க்கரை நோய், கல்லீரல் நோய் உள்ளவர்கள் காயம் இல்லாவிட்டாலும் கையுறை போடுவது நல்லது. முதல் வேலையாகக் கத்தரியால் துடுப்புகளை வெட்டி எறியுங்கள், செதில் எடுப்பது அதற்கப்புறம். முள் குத்திவிட்டால் வேலையை நிறுத்தி, ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவுங்கள்.

சுத்தம் செய்யும் வரிசை இது. முழு மீனை முதலில் அலசுங்கள். செதில் சுரண்டுங்கள். செவுளை எடுங்கள். வயிற்றைக் கீறும்போது கத்தி முனை ஆழமாகப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள், குடல் கிழிந்தால் அதிலிருப்பது சதையில் பரவும். குடலை மொத்தமாக இழுத்து எடுத்து, முதுகெலும்பை ஒட்டிய கறுத்த ரத்தத்தை நகத்தால் சுரண்டி, உள்வயிற்றுக் கறுப்புத் தோலையும் எடுத்துவிட்டு மறுபடி அலசுங்கள். துண்டு போடுவது கடைசியில்தான். துண்டு போட்டபின் குடல் எடுத்தால் வெட்டுவாயெல்லாம் அழுக்காகிவிடும்.

பித்தப்பை உடைந்தால் கசக்கும் என்று தெரியும். இன்னொன்றும் தெரிய வேண்டும். ரோகு, புல்கெண்டை போன்ற கெண்டை இன மீன்களின் பித்தப்பையைச் சர்க்கரை நோய்க்கும் மூட்டுவலிக்கும் மருந்து என்று விழுங்கி, சிறுநீரகம் செயலிழந்து போனவர்கள் நம் நாட்டிலேயே இருக்கிறார்கள். இது கிருமி விவகாரம் இல்லை, பித்தத்திலேயே உள்ள நஞ்சு, வேக வைத்தாலும் போகாது. யார் என்ன சொன்னாலும் எறிந்துவிடுங்கள்.

கல் உப்பும் மஞ்சளும் போட்டுப் பிசைந்து அலசும் வழக்கம் நல்லது. வழவழப்பு போகும்போது அதிலிருக்கும் கிருமியும் பெருமளவு போகும். ஆனால் மஞ்சள் எல்லாக் கிருமியையும் கொன்றுவிட்டது என்று நினைத்து மீனைக் கவனக்குறைவாக வைக்காதீர்கள்.

அடுத்தது அரிவாள்மனை. நம் வீடுகளில் மீன் வெட்டிய அதே அரிவாள்மனையைத் தண்ணீர் ஊற்றித் துடைத்துவிட்டு வெங்காயம் நறுக்குகிறோம், அதன் நுனியில் தேங்காய் துருவுகிறோம். மீன் வெந்துவிடும், தேங்காய்ச் சட்னியும் வெங்காயப் பச்சடியும் வேகாது. மீனுக்கென்று ஒரு கத்தி, ஒரு பலகை தனியாக வைத்துக்கொள்ள முடிந்தால் நல்லது. முடியாவிட்டால் காய்கறி, தேங்காய் வேலையை முதலில் முடித்து மூடி வைத்துவிட்டு மீனைத் தொடுங்கள். முடிந்ததும் சோப்புப் போட்டுத் தேய்த்து, கொதிதண்ணீர் ஊற்றி, வெயிலில் காய வையுங்கள். குழாய்க்கு அடியில் வேகமாகத் தண்ணீர் திறந்து மீனைக் கழுவினால் தெறிக்கும். பாத்திரத்தில் தண்ணீர் பிடித்து அலசுங்கள். கழுவும் தொட்டியையும் மறந்துவிடாதீர்கள்.

படி 5: உடனே சமைக்காவிட்டால்

சுத்தம் செய்த மீனை மூடிய டப்பாவில், பிரிட்ஜின் கீழ்த்தட்டில் வையுங்கள். மேல்தட்டில் வைத்தால் ஒழுகும் நீர் தயிரில் விழும். ஒரு நாள், அதிகம் போனால் இரண்டு நாள். ஏரோமோனாஸ் போன்ற சில கிருமிகள் பிரிட்ஜ் குளிரிலும் மெதுவாக வளரும். ஃப்ரீசர் கிருமியைக் கொல்லாது, தூங்க வைக்கும். எடுத்து வெளியே வைத்தால் விழித்துக்கொள்ளும். அதனால் உறைந்த மீனை முந்தின இரவே பிரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றி உருக விடுங்கள். ஒருமுறை உருகியதை மறுபடி உறைய வைக்காதீர்கள்.

படி 6: வேக வைப்பது

மீனின் நடுப்பகுதி 70 டிகிரியைத் தொட்டால் போதும், மேலே சொன்ன நோய்க்கிருமிகள் தாங்காது. கொதிக்கும் குழம்பு 100 டிகிரி அளவில் இருப்பதால் அங்கே கவலை இல்லை. கவலை வறுவலில்தான். தடித்த கட்லா துண்டைப் பெருந்தீயில் போட்டால் மசாலா கருகும், நடுமுள் ஓரம் பச்சையாக இருக்கும். துண்டை ஒரு விரல் தடிமனுக்கு மேல் போடாமல், மிதமான தீயில் இரண்டு பக்கமும் வேக விடுங்கள். நடுமுள்ளிலிருந்து சதை தானாகப் பிரிய வேண்டும், முள்ளை ஒட்டி இளஞ்சிவப்பு இருக்கக் கூடாது. பச்சை மீன் ஊறிய மசாலாவில் மிஞ்சியதை வறுத்த மீன் மேல் தடவுவது, வறுத்ததைப் பச்சை மீன் வைத்த தட்டிலேயே எடுப்பது, இரண்டும் செய்த வேலையைக் கெடுத்துவிடும்.

அயிரைக்கு மட்டும் தனிக் கவனம் வேண்டும். அதைக் குடலோடு முழுசாகச் சமைக்கிறோம். உயிர் அயிரையைத் தேங்காய்ப்பாலில் விட்டால் வயிற்று மண்ணைக் கக்கிவிடும் என்ற மதுரைப் பக்கத்துக் கைப்பக்குவம் அருமையானது. மண் போகும், குடலில் ஒட்டியிருக்கும் கிருமி முழுதும் போகாது. குழம்பு தளதளவென்று கொதித்த பிறகுதான் இறக்க வேண்டும்.

படி 7: மறுநாள் குழம்பு

முந்தின நாள் வைத்த மீன்குழம்பின் ருசியை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். மண்சட்டியில் புளி ஊறி, மீனில் உப்பு இறங்கி, காலை இட்லிக்கு அதற்கு ஈடு ஏது. புளியின் புளிப்பு பல கிருமிகளைத் தடுக்கிறது, அதனால்தான் பிரிட்ஜ் இல்லாத காலத்திலும் அது தாங்கியது. பாட்டிமார் இரவில் ஒருமுறை, காலையில் ஒருமுறை கொதிக்க வைத்ததும் அதே காரணத்துக்காகத்தான். வெறுமனே சூடு காட்டினால் அது ஆகாது, நடுவில் கொப்புளம் வரக் கொதிக்க வேண்டும். தேங்காய் அரைத்து ஊற்றிய குழம்பு அவ்வளவு தாங்காது, அதை இரண்டு மணி நேரத்துக்குள் சின்னப் பாத்திரத்துக்கு மாற்றி பிரிட்ஜில் வைத்துவிடுங்கள். வேண்டிய அளவு மட்டும் எடுத்துக் கொதிக்க வையுங்கள். சாப்பிட்ட கரண்டியைச் சட்டிக்குள் விடாதீர்கள்.

எப்போது மருத்துவரிடம் போவது?

வாந்தியும் வயிற்றுப்போக்கும் வந்தால் உப்பு சர்க்கரைக் கரைசலை உடனே தொடங்குங்கள். மலத்தில் ரத்தம், விடாத காய்ச்சல், சிறுநீர் குறைவது, அல்லது பாதிக்கப்பட்டவர் குழந்தை, கர்ப்பிணி, முதியவர் என்றால் வீட்டில் காத்திருக்க வேண்டாம். முள் குத்திய கை ஓரிரு நாளில் சிவந்து, வீக்கம் மேலேறி, காய்ச்சல் வந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். தடுப்பூசி விவரமும் சொல்லுங்கள், டெட்டனஸ் ஊசி தேவைப்படலாம். வாரங்கள் கழித்து ஆறாத கட்டி வந்தால், மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்களாகவே முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்: "நான் குளத்து மீன் ஆய்ந்தேன், இந்த இடத்தில் முள் குத்தியது."